முதலிடத்தை விற்கலாமோ?

ஆட்டத்தின் வெற்றி தோல்வி ஆடுகளத்திலே தீர்கின்றது என்பது பொதுமக்கள் கொள்கை. அதிற் பெரும்பகுதி, ஆட்டந் தொடங்குமுன் 'யார் எவர் பக்கம்' என்று ஆட்களைப் பிரிக்கும் வேளையிலேயே தீர்ந்துவிடுகின்றது என்பது எமது கருத்து. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அத்தகைய வேளையொன்று எம்மை இரண்டு இரவு உறங்கவொட்டாமற் செய்தது. அக்கதையையும், அதனை முன்னிட்டு யாம் தேடியறிந்த சில செய்திகளையும் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் ஆனர்ஸ் மாணாக்கனுக்கும் ஹாக்கிக்கும் யாது உறவு என வினவுவார் இருப்பின், அவர்க்கு எம் விடை இது: உறவு மிகுதி, திறமை குறைவு.

எமது ஊர் மேடவாக்கம். தாம்பரத்தினின்று வேளச்சேரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், கௌரிவாக்கம், வேங்கைவாசல் என்னும் ஊர்களைக் கடந்து வருவோர் அதனைக் காண்பர். முன்னாளில் ஏரியும் கழனியுமாய்க் கிடந்த ஊர், இந்நாளில் மேம்பாலமும் மாடி வீடுகளுமாய் நெருங்கிவிட்டது. வடகிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் மட்டும் 2022-ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலிற் சேர்க்கப்பெற்று, நாரைக்கும் கூழைக்கடாவிற்கும் உறைவிடமாய் எஞ்சி நிற்கின்றது. பறவைகளுக்கு இடம் கிடைத்தது. பந்தாடும் பிள்ளைகளுக்கோ இடம் அரிதாயிற்று. ஆயினும் எம் திருச்சபை இளைஞர் சங்கத்தார், கோவிலுக்குப் பின்னே கிடக்கும் கட்டாந்தரையைச் செப்பஞ்செய்து, ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாட்களில் ஐவர் ஹாக்கிப் பந்தயம் நடத்தி வருகின்றனர்.

ஐவர் ஹாக்கி என்பது புதுமையன்று. பதினொருவர் ஆடும் ஹாக்கியைச் சுருக்கி, கோல்காவலன் உள்ளிட்ட ஐவர் ஒரு பக்கத்தில் நின்று சிறிய களத்தில் ஆடும் முறை அது. அதற்கென முதல் உலகக் கோப்பைப் போட்டி 2024 சனவரியில் ஓமன் நாட்டு மஸ்கட் நகரில் நடைபெற்றது. எம் ஊர்ப் பந்தயத்தில் விசிலும் கோல்கம்பமும் மட்டுமே உலகக் கோப்பையை ஒத்தவை. மற்றவையெல்லாம் எம் சொந்தச் சரக்கு.

ஆள் பிரிக்கும் விதி கேளுங்கள். அணிகள் நான்கு, தலைவர் நால்வர். ஆட வருவோர் இருபத்து நால்வர். தலைவர் நால்வரும் சீட்டெடுத்து முறை வகுத்துக்கொள்வர். முதற் சீட்டு உடையவன் முதலில் ஒருவனை எடுப்பான். பின்னர் இரண்டாமவன், மூன்றாமவன், நான்காமவன். மறுபடியும் அதே வரிசை. இங்ஙனம் ஆறு சுற்றில் இருபத்து நால்வரும் தீர்வர். ஆகவே முதற் சீட்டினனுக்கு வாய்க்கும் இடங்கள் 1, 5, 9, 13, 17, 21. நான்காம் சீட்டினனுக்கு வாய்ப்பன 4, 8, 12, 16, 20, 24. உத்திரமேரூர்ச் சபையார் பராந்தக சோழன் காலத்தில் குடத்துள் ஓலையிட்டு வாரியத்தாரைத் தேர்ந்ததைக் கல்வெட்டிற் படித்த யாம், பிஸ்கட் டப்பாவில் கையிட்டுச் சீட்டெடுத்தோம். முன் ஒருபோதும் தலைவனாகாத எமக்கு, சங்கத்தார் இரக்கத்தினால் தலைமை கிடைத்த முதல் ஆண்டு அது. கையில் வந்ததும் முதற் சீட்டு!

மூன்றாண்டுகட்கு முன் இதே பந்தயத்தில் யாம் இருபத்து மூன்றாவதாக எடுக்கப்பெற்றவர். இருபத்து நான்காமவன் அன்று காய்ச்சலால் வரவில்லை. ஆதலின் உண்மையில் கடைசி ஆள் யாமே. பெயர்கள் ஒவ்வொன்றாய் அழைக்கப்பட, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுடைய நெஞ்சம் எவ்வாறிருக்கும் என்பதை யாம் நூலிற் கற்றோமில்லை.

நிற்க. முதற் சீட்டு உடையவன் யாரை எடுப்பான் என்பதில் ஊரில் ஒருவருக்கும் ஐயமில்லை. எம் அடுத்த தெருவில் எம் வயதினன் ஒருவன் உளன். தென்னை மட்டையை வெட்டி வளைத்து ஹாக்கி ஆடிய பருவமுதல் எம் தோழன். பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். யாம் கல்லூரி புகுந்தபோது அவன் வேலை புகுந்தான். சோழிங்கநல்லூர்ப் பக்கத்துக் கிடங்கொன்றில் இரவு முழுதும் பெட்டி அடுக்கிப் பொழுது விடிந்தபின் வீடு திரும்புகின்றான். ஆண்டில் இவ்விரண்டு நாளே அவன் மட்டை பிடிக்கும் நாள். சென்ற நான்கு ஆண்டும் முதலில் அழைக்கப்பட்ட பெயர் அவனுடையதே.

சீட்டெடுத்த டிசம்பர் 22-ஆம் நாள் இரவே நான்காம் சீட்டுத் தலைவர் எம்மிடம் வந்தார். எம்மினும் மூத்தவர், வங்கியில் வேலை பார்ப்பவர், கணக்கிற் கெட்டிக்காரர். "தம்பி, ஒரு யோசனை. உன் முதலிடத்தை எனக்குக் கொடு. என் நான்காம் இடமும் எட்டாம் இடமும் உனக்கு. ஆட்கணக்குச் சரியாக உன் இருபத்தோராம் இடத்தையும் நான் வாங்கிக்கொள்கிறேன். கிறிஸ்துமசுக்கு முன் சொல்" என்றார்.

கணக்கிட்டுப் பார்த்தோம். ஒப்பினால் எமக்கு 4, 5, 8, 9, 13, 17. அவருக்கு 1, 12, 16, 20, 21, 24. முதல் ஒன்பது இடத்தில் நான்கு எமதாகும்! மற்றொரு பொருத்தமும் இருந்தது. வந்த இருபத்து நால்வரில் நல்ல கோல்காவலர் மூவரே. யாம் முதலில் தோழனை எடுத்தால், எமக்கு அடுத்த முறை ஐந்தாமிடம். இடையில் மூன்று தலைவரும் மூன்று காவலரையும் எடுத்துவிட்டால் எம் கோல் திறந்த வாயிலாகும். இடம் மாற்றினாலோ, அவர் முதலில் தோழனை எடுப்பார். இடையிலுள்ள இருவர் காவலர் இருவரையே எடுத்தாலும் மூன்றாம் காவலன் நான்காமிடத்தில் எமக்குத் தப்பாமற் கிடைப்பான். இவையெல்லாம் வெளிப்படையான காரணங்கள். வெளிப்படாத காரணம் ஒன்றும் உண்டு. இரவு வேலை பார்ப்பவன் காலை ஏழு மணி ஆட்டத்துக்கு வருவானோ, வந்தாலும் உறக்கக் கண்ணோடு ஆடுவானோ என்று அஞ்சினோம். அவ்வச்சத்தை யாம் ஒருவரிடமும் சொல்லவில்லை. எம்மிடமே சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றிரவு கைப்பேசியும் கையுமாய் அமர்ந்து, இத்தகைய சங்கடம் உலகில் வேறெவர்க்கேனும் நேர்ந்ததுண்டோ என ஆராய்ந்தோம். எமக்கு நேர்ந்தது ஒரு நாள். இதுவே தொழிலாய்க் கொண்டோர் வட அமெரிக்காவில் உளர். அங்கே ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தரைமேல் சறுக்கி ஆடுவது. நேஷனல் ஹாக்கி லீக் என்னும் அமைப்பில் இன்று அணிகள் முப்பத்திரண்டு. ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரரை அவ்வணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். யாம் அதனை 'வரிசைத் தெரிவு' என்போம். 1963-இல் தொடங்கியது, ஏழு சுற்று நடைபெறும். சென்ற பருவத்தில் தோற்று நின்ற அணிகளே முன்னர் எடுக்கும். வேண்டுமென்றே தோற்பாரைத் தடுக்க, முதலிடத்துக்கு 1995 முதல் சீட்டுக் குலுக்கலும் உண்டு. மெலிந்தவனுக்கு முதற்கவளம் என்பது அதன் அறம். அக்கவளத்தை உண்ணாமல் விற்கவும் உரிமை உண்டு என்பது அதன் வியப்பு. முதலிடத்தைக் கொடுத்துப் பின்னிடங்கள் சிலவற்றைக் கொள்ளலாம். நான்காம் சீட்டுத் தலைவர் எம்மிடம் கேட்டது அதுவே.

அங்ஙனம் விற்றார் கதை யாது? ஃபுளோரிடா அணியார் 2002-ஆம் ஆண்டில் தம் முதலிடத்தைக் கொலம்பஸ் அணிக்குக் கொடுத்து மூன்றாமிடத்துக்கு இறங்கினர். 2003-இல் மீண்டும் முதலிடம் வாய்க்க, அதனையும் பிட்ஸ்பர்க் அணிக்குக் கொடுத்து மூன்றாமிடத்துக்கே இறங்கினர். பிட்ஸ்பர்க் அவ்விடத்தில் எடுத்த கோல்காவலர் மார்க் ஆண்ட்ரே ஃபிளெரி, அவ்வணி 2009, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பை வென்றபோது உடனிருந்தார். ஃபுளோரிடா எடுத்தவரும் இளைத்தவரல்லர். 2002-இல் எடுத்த ஜே போமீஸ்டர் ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர். 2003-இல் எடுத்த நேதன் ஹார்ட்டனும் சிறந்தவரே. எனினும் அவ்விருவரும் கோப்பையைத் தொட்டது வேறு அணிகளுக்குப் பெயர்ந்த பின்னர். ஃபுளோரிடாவோ 2000-க்குப் பின் 2012 வரையில் கோப்பைச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. இதனைப் படித்தபோது, 'விற்காதே' என்றது நெஞ்சு.

மற்றொரு கதை மறுதலையாய் நின்றது. 1991-இல் கியூபெக் அணியார் எரிக் லிண்ட்ரோஸ் என்னும் பெருவீரரை முதலில் எடுத்தனர். அவர் அவ்வணிக்கு ஆட மறுத்தார். மறு ஆண்டு அவரைப் பிலடெல்பியா அணிக்குக் கொடுத்து, ஈடாக ஆட்டக்காரர் பலரையும் பின்வரும் ஆண்டுகளின் தெரிவு உரிமையையும் ஒன்றரைக் கோடி டாலரையும் கொண்டனர். வந்தவருள் ஒருவர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க். அவர் அதே 1991-இல் ஆறாவதாக எடுக்கப்பட்டவர். 1995-இல் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்த அவ்வணி, 1996-இல் கோப்பை வென்றது. ஒருவரைக் கொடுத்துப் பலரைக் கொண்டார் வாழ்ந்த கதை இது. பின்னிடங்களிலும் மணிகள் கிடப்பதுண்டு. டெட்ராய்ட் அணியார் 1998-இல் 171-ஆவதாக எடுத்த பாவெல் தட்சியூக்கும், 1999-இல் 210-ஆவதாக எடுத்த ஹென்ரிக் ஸெட்டர்பெர்க்கும் 2008-இல் கோப்பை வென்ற அணியின் தூண்களாய் நின்றனர்.

அறிஞர் கருத்தும் உண்டு. கேட் மேசி, ரிச்சர்டு தேலர் என்னும் இருவர் அமெரிக்கக் கால்பந்தின் வரிசைத் தெரிவை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். அவருள் தேலர் 2017-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர். அணியார் முன்னிடங்களுக்குத் தகுதிக்கு மிஞ்சிய விலை கொடுக்கின்றனர். 'இவனே சிறந்தவன்' என்று தம் கண்ணை அளவிறந்து நம்புகின்றனர். ஆகவே இறங்கிக் கொள்வதே பெரும்பாலும் ஊதியம் என்பது அவர் முடிவு. ஆயின் ஆட்டத்துக்கு ஆட்டம் இது வேறுபடும் என்பது எம் சிற்றறிவுக்குத் தோன்றியது. பனித்தரை ஹாக்கியில் முதல் இரண்டு மூன்று இடத்தினர்க்கும் அவர்க்குப் பின்னோர்க்கும் உள்ள இறக்கம் செங்குத்தானது. பதினைந்தாமிடத்துக்கும் இருபதாமிடத்துக்கும் இடையிலோ சமநிலம். சமநிலத்தில் இறங்குவோன் இழப்பது சிறிது. மலையுச்சியினின்று இறங்குவோன் இழப்பது பெரிது.

நம் நாட்டில் வரிசைத் தெரிவு இல்லை, ஏலம் உண்டு. மீண்டும் உயிர்பெற்ற ஹாக்கி இந்தியா லீகுக்காக 2024 அக்டோபரில் டில்லியில் ஆடவர் ஏலம் நடைபெற்றது. அணிக்கு நான்கு கோடி ரூபாய். அதனுள் 24 ஆட்டக்காரர். இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை 78 இலட்சத்துக்குச் சூர்மா அணியார் கொண்டனர். அப்பால் 23 பேருக்கு எஞ்சியது 322 இலட்சம். ஆளுக்கு 14 இலட்சம். நம் தமிழ்நாடு டிராகன்ஸ் அணியார் வேறு வழி சென்றனர். நெதர்லாந்தின் ஜிப் யான்சனை 54 இலட்சத்துக்கும் அமித் ரோஹிதாஸை 48 இலட்சத்துக்கும் எடுத்து, உச்சியில் ஒருவரை நாடாது அடுத்த படியில் இருவரை நாடினர். இதுவும் ஒருவகையில் முதலிடத்தை விட்டுப் பின்னிடங்களைக் கொள்ளுதலே. கோப்பை இருவர்க்கும் எய்தவில்லை. 72 இலட்சத்துக்கு அபிஷேக்கை எடுத்த வங்காள அணியார் 2025 பிப்ரவரி 1-ஆம் நாள் ரூர்கேலாவில் வென்றனர். ஆகவே ஏலமும் எமக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை.

இரண்டாம் இரவு வேதாகமத்தைப் புரட்டினோம். அங்கும் வழக்கு இருபக்கமும் பேசிற்று. மேய்ப்பர்களுக்குள் சண்டை மூண்டபோது, மூத்தவராகிய ஆபிரகாம், இளையவனாகிய லோத்துக்கு முதற்றெரிவை விட்டுக்கொடுத்தார். லோத்து நீர்வளமிக்க யோர்தான் சமவெளியை எடுத்தான். அதனாற் சோதோமின் அண்டை வீட்டான் ஆனான். எஞ்சியதைக் கொண்ட ஆபிரகாமோ கெட்டாரல்லர். இது முதலிடத்தை விடுத்து வாழ்ந்தவர் வரலாறு. அடுத்து ஏசா. வேட்டையாடிப் பசித்து வந்தவன், ஒருவேளைப் பயற்றங்கூழுக்குத் தன் சேஷ்டபுத்திர பாகத்தையே யாக்கோபுக்கு விற்றான். இது முதலிடத்தை விற்றுக் கெட்டவன் வரலாறு. முத்து வியாபாரியோ உள்ளதெல்லாம் விற்று ஒரே முத்தைக் கொண்டான். அவனைக் கர்த்தர் புகழ்ந்தே பேசினார். சாமுவேல் தீர்க்கதரிசி ஈசாயின் வீட்டில் ஏழு பிள்ளைகளைக் கடந்து எட்டாவதாக ஆட்டுமந்தையினின்று அழைக்கப்பட்ட தாவீதைக் கண்டார்.

இவற்றைத் துருவத் துருவ ஓர் உண்மை புலனாயிற்று. ஆபிரகாமும் முதலிடத்தைக் கொடுத்தார், ஏசாவும் கொடுத்தான். செயல் ஒன்றே, கொடுத்த மனம் வேறு. ஒருவர் தமக்கு வேண்டுவது எதுவெனத் தெளிந்து கொடுத்தார். மற்றவன் அந்நேரத்துப் பசி தாளாமற் கொடுத்தான். ஆகவே 'முதலிடத்தை விற்கலாமோ?' என்னும் வினாவுக்கு முன்னே கேட்கற்பாலது, 'நீ தெளிந்து விற்கின்றாயா, அஞ்சி விற்கின்றாயா?' என்பதே. எமது வயிற்றில் கூழ்ப்பசி இல்லை, அச்சப்பசி இருந்தது. வருவானோ வாரானோ என்னும் அச்சம்.

மற்றொன்றும் உறுத்தியது. அமெரிக்காவில் விற்கப்படுவது எண். எம் ஊரில் எண்ணுக்கு முகம் உண்டு. இருபத்தாறாம் நாள் மாலை, முதற் சீட்டு வேறொருவர் கையில் இருக்கக் கண்டு, 'என் சிநேகிதன் என்னை விற்றுவிட்டான்' என்று அவன் கூட்டத்தின் நடுவிலே அறிய நேர்ந்தால்? நெல் மூட்டையை மாற்றுவோர் மூட்டையைக் கேட்பதில்லை. மனிதனைக் கேட்கலாமே!

இருபத்து நான்காம் நாள் காலை, அவன் வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும் இடத்தில் காத்து நின்றோம். தேநீர்க் கடையில் அமர்த்தி எல்லாவற்றையும் உரைத்தோம். சிவந்த கண்களோடு கேட்டுக்கொண்டிருந்தவன் இறுதியில் ஒரே வினா வினவினான்.

"ஏண்டா, அந்த இரண்டு பேர் வேண்டுமென்று என்னை விடுகிறாயா? நான் வரமாட்டேனென்று பயந்து விடுகிறாயா?"

இரண்டு இரவு ஆராய்ந்து யாம் கண்ட வினாவை அவன் தேநீர் ஆறுமுன் கேட்டுவிட்டான். பொய் சொல்ல நாவெழவில்லை. "பாதி பயம்" என்றோம்.

அவன் சட்டைப்பையினின்று கைப்பேசியை எடுத்துக் கிடங்கு மேற்பார்வையாளர் அனுப்பிய செய்தியைக் காட்டினான். இருபத்தாறு, இருபத்தேழு ஆகிய இரண்டு இரவுக்கும் வேறொருவன் வேலை பார்ப்பான். அதற்கு ஈடாக இவன் கிறிஸ்துமஸ் இரவில் வேலைக்குச் செல்ல வேண்டும். சங்கம் சீட்டெடுக்குமுன்னரே, கிறிஸ்துமஸ் இரவைக் கொடுத்து இப்பந்தயத்தை வாங்கிவிட்டவன் அவன்! யாம் தலை குனிந்தோம். அப்போது முதற்கொண்டு, ஒருவன் வருவானோ என்று ஐயுறும்போதெல்லாம், அவனையே கேட்பது என்னும் எளிய வழியை மேற்கொண்டுள்ளோம்.

"சரி, மற்ற பாதி என்ன?" என்றான். கோல்காவலர் கணக்கைச் சொன்னோம். செருப்பு முனையால் மண்ணில் கோடு கிழித்துச் சற்றே எண்ணினான். "கோல் திறந்து கிடந்தால் நான் மூன்று போட்டு என்ன? அவர்கள் ஐந்து போடுவார்கள். மாற்றிக்கொள். ஊர் வாயால் நான் கேட்கும்படி விடாமல் நீயே வந்து சொன்னாய், அது போதும்" என்றான். பின்னர், "ஆனால் ஒன்று. உன் அணியென்று பார்த்து ஆடமாட்டேன்" என்று சிரித்து எழுந்தான். தேநீர்க்காசையும் அவனே கொடுத்தான்.

எம் நெஞ்சில் ஒரு தடை எஞ்சியிருந்தது. பதினொருவர் ஆட்டத்தில் ஒருவன் பதினொன்றில் ஒரு பங்கு. ஐவர் ஆட்டத்திலோ ஐந்தில் ஒரு பங்கு. அணி சிறுத்தால் வீரன் பெருப்பான். ஆதலின் ஐவர் ஆட்டத்தில் முதலிடத்தின் விலை ஏறத்தான் செய்யும். எனினும் காவலன் இன்மை அதனினும் பெருங்குறை எனத் துணிந்து மாற்றிக்கொண்டோம்.

இருபத்தாறாம் நாள் மாலை யாம் எண்ணியவாறே நடந்தது. முதலில் அவன் பெயர். அடுத்த இருவரும் காவலர் இருவரை எடுக்க, நான்காமிடத்தில் மூன்றாம் காவலன் எமக்கு வந்தான். ஐந்தில் நல்ல தடுப்பாட்டக்காரன். எட்டாமிடத்தில் யாம் அழைத்த பெயரைக் கேட்டுப் பலர் நகைத்தனர். அவன் பதினான்கு வயதுச் சிறுவன். கூட்டத்தின் ஓரத்தில் தரையைப் பார்த்து நின்றவன். இரக்கத்தால் எடுத்தோமென்று நினைக்க வேண்டா. கார்த்திகை மாதம் முழுதும் மாலை வேளையில் அவன் தனியே சுவரில் பந்தடித்துப் பழகியதை யாம் பேருந்தினின்று கண்டிருந்தோம். ஆயினும் தன் பெயர் கேட்டபோது அவன் நிமிர்ந்த நிமிர்வைக் கண்டு, எம் கண் சற்றே கலங்கியதை மறைப்பதற்கில்லை.

யாம் எண்ணாதது ஒன்று நடந்தது. முதலிடம் வாங்கிய வங்கித் தலைவர்க்குக் காவலன் இல்லையே, அவர் கெட்டார் என மகிழ்ந்திருந்தோம். ஆட்டம் தொடங்கும்போது அவரே காலுறையும் முகமூடியும் அணிந்து கோலில் நின்றார்! கல்லூரி நாளில் அவர் கோல்காவலராம். எமக்கு என்ன கிடைக்கும் என்று இரவெல்லாம் எண்ணிய யாம், அவர் ஏன் கேட்கின்றார் என்று ஒரு கணமும் எண்ணவில்லை. திருக்குறளில் 'வலியறிதல்' என ஓர் அதிகாரமே உண்டு. மாற்றான் வலிமையையும் அளந்தறிய வேண்டுமென்பது அதன் கருத்து. அதனைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த யாம், பிஸ்கட் டப்பாவின் முன் மறந்தோம்.

முதல் ஆட்டத்தில் அவர் அணியிடம் நான்குக்கு ஒன்றாகத் தோற்றோம். மற்ற இரண்டு அணிகளையும் வென்றோம். எம் காவலன் மலைபோல் நின்றான். இறுதி ஆட்டத்தில் மீண்டும் தோழன் எதிரே. சொன்ன சொற்படி அவன் கண்ணோட்டம் காட்டவில்லை; இரண்டு கோல் அவனே அடித்தான். எம் பக்கத்து இரண்டில் ஒன்று எட்டாமிடத்துச் சிறுவனுடையது. மூன்றுக்கு இரண்டாக அவர்கள் வென்றனர். கோப்பை அவர்க்கு, இரண்டாமிடம் எமக்கு.

இடமாற்று நன்றோ தீதோ? கோப்பை போயிற்று, ஆகவே தீது என்பர் சிலர். கடையணியாகாமல் இறுதிவரை வந்தோம், ஆகவே நன்று என்பர் சிலர். விடப்பட்ட வழியில் நடந்து பார்த்தார் ஒருவரும் இலர். முடிவைக் கொண்டு துணிவை அளப்பது, மழை பெய்தபின் குடை எடுத்தவனை அறிஞன் என்பதுபோலாம். துணியும் வேளையில் அறியக்கூடியதை அறிந்தோமா என்பதே அளவுகோல். அதன்படி நோக்கின், எமக்கு வேண்டுவதை அறிந்தோம். வாங்குவோர் மனத்தை அறியாமல் விட்டோம். பாதி மதிப்பெண் போட்டுக்கொள்கின்றோம்.

எனினும் அக்கணக்கிற் சேராத பொருள் ஒன்று உளது. சிறு பிராயத்தில் எம் தெருவில் ஆள் பிரிப்பதற்கு வேறொரு முறை இருந்தது. உத்தி பிரித்தல் என்போம். சமவலியுடைய இருவர் இருவராய்த் தோள்மேற் கைபோட்டு அப்பாற் சென்று, ஒருவன் 'சூரியன்' என்றும் மற்றவன் 'சந்திரன்' என்றும் மறைவாய்ப் பெயர் வைத்துக்கொண்டு திரும்புவர். தலைவன் பெயரைக் கேட்பானேயன்றி ஆளை அறியான். ஒன்றைச் சொல்வான், அதற்குரியவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். அதில் முதல்வனும் இல்லை; கடையனும் இல்லை; விற்றவனும் இல்லை, விற்கப்பட்டவனும் இல்லை. தன்னோடு சமமானவன் ஒருவனைத் தேடித் தோளில் கைபோடுவதே அங்கே முதற்றெரிவு. அமெரிக்கர் இதனை அறிவாராயின் அவர்தம் கணக்கர் பலர் வேலை இழப்பர்!

பரிசளிப்பு முடிந்து இருவரும் பெருஞ்சாலை வழியே நடந்தோம். பனிபடர்ந்த இரவு, மேம்பாலத்தின்மேல் வண்டிகள் ஓய்ந்திருந்தன. கோப்பையை ஒரு கையில் ஏந்தி வந்த தோழன், மறுகையை எம் தோளில் போட்டான். "வருகிற வருஷம் நான் தலைவன். உன்னை எத்தனையாவதாக எடுப்பேன் தெரியுமா?" என்றான்.

"எத்தனையாவதாக?" என்றோம்.

"இருபத்து மூன்றாவதாக. ஆனால் முன்னாலேயே வீட்டுக்கு வந்து சொல்லிவிடுவேன்."